ஓவசியர் கீறிய தொட்டி

அருளம்பலம் ஓவசியர் மறியல், அதாவது சிறைச்சாலை, கட்டப்போகிறார் என்றதும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் சிரிக்காத ஆளில்லை. மதகு கட்டினார், பாலம் கட்டினார், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார். இனிக் கள்ளருக்கும் வீடு கட்டிக் கொடுக்கப் போகிறாராக்கும் என்று சந்தையில் பகிடி பண்ணினார்கள். மனுஷன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. அரியாலைக்கு அப்பால், கடல்காற்று வீசுகிற ஒரு மேட்டு நிலத்தில் புது மறியல் எழும்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பிளான் கீறுகிற வேலையை அவரே விரும்பி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

பழைய மறியலை அவர் பார்த்திருந்தார். கல் உடைக்கிறதும் தென்னந்தும்பு அடிக்கிறதும் தவிர அங்கே ஒரு தொழிலும் இல்லை. கோழிக் கள்ளனாக உள்ளே போனவன் மாட்டுக் கள்ளனாக வெளியே வந்தான். பூட்டி வைத்தால் மட்டும் போதாது, போகிறவன் ஒரு தொழிலோடு போக வேண்டும் என்று வெள்ளைக்கார எஞ்சினியரோடு நாட்கணக்காக வாதாடினார். துரைக்கு மதிலைப் பற்றித்தான் கவலை. சரி, மதிலை இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றிக் கீறினார். மதிலுக்குள்ளே மரக்கறித் தோட்டம், தச்சுப் பட்டறை, படிக்க ஒரு கொட்டில். காவற்கோபுரத்தில் நிற்பவனுக்குத் தோட்டத்தின் எந்த மூலையும் மறையாது. கொடுத்த உளியெல்லாம் கைக்குத் திரும்பிய பிறகுதான் பட்டறைக் கதவு திறக்கும். கிணற்றுத் துலாவில் ஏறி மதிலைத் தாண்டிவிடுவார்களே என்று துரை இழுத்தபோது, கிணற்றைத் தோட்டத்தின் நட்டநடுவுக்குக் கொண்டுவந்தார். துரை கையெழுத்து வைத்தார். அன்று அருளம்பலத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

கிணறு வெட்டப் பழைய மறியலிலிருந்து ஆட்களைக் காவலோடு கூட்டிவந்தார்கள். அவர்களில் ஒருவன் வைரவன். அவன் செய்த குற்றத்தைக் கேளுங்கள். தண்ணீரில்லாத கோடையில் ஊர்க் கிணற்றடியில் குடத்தோடு நின்றிருக்கிறான். அவனுடைய சாதிக்குக் கிணற்றில் அள்ள உரிமையில்லை. உரிமையுள்ளவன் யாராவது மனம் வைத்து வந்து, அள்ளி வார்க்கும்வரை நிற்க வேண்டும். காலையிலிருந்து நின்றும் ஒருவரும் வார்க்கவில்லை. வீட்டில் பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சி. பொறுக்கமுடியாமல் தானே அள்ளிவிட்டான். அடிக்க வந்தார்கள், திருப்பி அடித்தான், ஒருவனுடைய மண்டை உடைந்தது. மறியலுக்குப் போனவன் வைரவன் மட்டும்தான். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளையின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

சுண்ணாம்புப் பாறையை அலவாங்கால் குத்திக் குத்தி வைரவன்தான் ஊற்றுக் கண்ணைத் திறந்தான். குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர், உப்பில்லை. கடலுக்குக் கிட்ட இப்படியொரு தண்ணீர் வருமென்று அருளம்பலம் கனவிலும் நினைக்கவில்லை. மேலே நின்று சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினார். சந்தோஷத்தில் வாயும் திறந்துவிட்டது.

"டேய் வைரவன், உது நீ வெட்டின கிணறடா! மறியல் திறந்தாப்பிறகு நீயே துலா மிதி, நீயே அள்ளிக் குடி. இஞ்சை உன்னை ஒருத்தரும் மறிக்கேலாது. நான் சொல்லுறன்!"

வைரவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்த்தான். "மெய்யே நயினார்?"

"மெய்தான்ரா."

அவன் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தான். வளர்ந்த மனுஷன் ஒருவன் அப்படிச் சிரித்து அருளம்பலம் அதற்கு முன்னே கண்டதில்லை.

மதில் எழும்பி முடியுமுன் ஜெயிலர் செல்வத்துரை வந்து சேர்ந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோவிலுக்குப் போகிறவர். பிளானை விரித்துப் பார்த்துவிட்டுக் கிணற்றில் விரலை வைத்தார்.

"என்ன ஓவசியர், எல்லாருக்கும் ஒரு கிணறோ? மற்ற மறியல்காரருக்குக் கதை எட்டிப்போச்சு. வைரவனாக்கள் அள்ளின தண்ணியிலை சமைச்சால் ஒரு வாய் சாப்பிடமாட்டினமாம்."

"பசிச்சால் சாப்பிடுவினம்."

"நீர் லேசாய்ச் சொல்லுவீர். சாப்பாட்டை மறிச்சால் கலகம். கலகம் வந்தால் உம்மடை காவல் எங்கை, திருத்தம் எங்கை? நான் வேதக்காரன் பாரும், எனக்கு உந்தச் சாதி கீதி ஒண்டும் கிடையாது. ஆனால் மறியலை நடத்திறது நானெல்லோ! கிணத்தைச் சுத்தி ஒரு குட்டிச் சுவர் வையும். வெளியாலை ஒரு தொட்டியைக் கட்டும். அள்ளுறவை அள்ளி ஊத்தட்டும், மற்றவை தொட்டியிலை எடுக்கட்டும்."

அருளம்பலம் பென்சிலை எடுத்தார். ஐயோ, கொஞ்சமாவது சண்டை பிடித்திருக்கக் கூடாதா! தோட்டத்துக்கும் பட்டறைக்குமாக வெள்ளைக்காரனோடு நாட்கணக்காக வாதாடிய வாய், கிணற்றுக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதிலும் கேவலம் என்னவென்றால், தொட்டியைக் கீறும்போது அவருடைய நெஞ்சுக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. கோப்பாயில் அவருடைய வீட்டுக் கிணற்றிலும் இதே வழக்கம்தான். அள்ளி வார்த்துப் பழகிய வீடு அது. வைரவன் துலா மிதிப்பதை நினைத்தபோதெல்லாம் உள்ளே எங்கேயோ உறுத்திக்கொண்டிருந்தது, தொட்டியைக் கீறியதும் அடங்கிப்போயிற்று. அதை உணர்ந்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. என்றாலும் கீறிய கோட்டை அழிக்கவில்லை. இது என்ன புதிதாக என்று வெள்ளைக்காரத் துரை கேட்டதற்கு, தண்ணீர் வீணாகாமலிருக்க என்று கூசாமல் பொய் சொன்னார்.

வெட்டுகிறபோது வைரவன் அந்தத் தண்ணீரிலேயே நிற்கலாம், முழுகலாம், குடிக்கலாம். வெட்டி முடித்து மேலே ஏறிவிட்டால் கிணற்றுக் கட்டைக்கூடத் தொடக் கூடாது. இந்த நியாயத்தை எந்தச் சாமி எழுதிக்கொடுத்ததோ, நமக்குத் தெரியாது.

பழைய மறியல்காரரைக் கொண்டுவந்து புது மறியல் திறந்தது. வைரவன் தொட்டியில்தான் தண்ணீர் எடுத்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சக் கட்டட வேலையைப் பார்க்க வருகிற அருளம்பலம்தான் அவன் நிற்கிற பக்கத்தை விட்டுச் சுற்றிப் போனார். அவன் கேட்டிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பார். கேளாமல் இருந்தது அவரைத் தின்றது. தோட்டத்தில் அவன் நட்ட கத்தரி காய்த்தது. நல்ல நடத்தைக்காக அவனைத் தவணைக்கு முன்னரே விடலாம் என்று ஜெயிலரே எழுதினார். தைப்பொங்கலுக்கு வீட்டில் நிற்பான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதற்குள் அந்த நாள் வந்தது. அனல் பறக்கிற வெயில். அள்ளுகிறவர்கள் வேண்டுமென்றே தொட்டியைக் காயவிட்டு நிழலில் போய்க் குந்திவிட்டார்கள். தோட்டத்தில் நின்றவர்களுக்கு நாக்கு வறண்டது. வைரவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சுவரைத் தாண்டிப் போய், பனையோலைப் பட்டையை இறக்கி அள்ளி, தானும் குடித்து மற்றவர்களுக்கும் வார்த்தான். மத்தியானம் பாதி மறியல் சோற்றைத் தொடவில்லை. சோற்றுக் கோப்பைகள் மதிலில் பறந்தன.

பின்னேரம் ஜெயிலரின் கந்தோரில், அவருடைய அலுவலக அறையில், விசாரணை. கிணற்றடியில் என்ன பிழை என்று சொல்லும்படி ஓவசியரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். செல்வத்துரை உண்மையில் வைரவனைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"இஞ்சை பார் வைரவன். ஆரும் உத்தியோகத்தர் சொல்லி நீ அள்ளியிருந்தால் அது உன்னிலை குற்றமில்லை. நான் இதோடை விட்டுடுவன். நீயாய்ச் செய்திருந்தால் உன்ரை நல்ல நடத்தைக் கழிவெல்லாம் போகும், முழுத் தவணையும் கிடக்கவேணும். சொல்லு, ஆரும் உன்னை அள்ளச் சொன்னவையோ?"

வைரவன் மெல்லத் தலையைத் திருப்பி அருளம்பலத்தைப் பார்த்தான்.

"நான்தான் சொன்னனான்." இரண்டே சொல். அருளம்பலத்தின் தொண்டைவரை வந்தது. அப்போதுதான் மகள் குணலட்சுமியின் கலியாணப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. சாவகச்சேரிச் சம்பந்தம், பெரிய இடம். கண்ட சாதியையும் கிணற்றில் அள்ளச் சொன்னவராம் ஓவசியர் என்று ஒரு கதை போனால் போதும், மாப்பிள்ளை வீட்டார் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அவர் மேசையிலிருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா," என்றான் வைரவன். "எனக்குத் தாகமாய்க் கிடந்தது."

அடுத்த நாள் அருளம்பலத்துக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வேலை ஒன்றும் இல்லாமலே மறியலுக்குப் போனார். வைரவனைத் தண்டனை அறையில் அடைத்திருந்தார்கள். அதையும் கீறியவர் அவர்தான். காற்று வரவேண்டும், ஆள் போகக்கூடாது என்று அளந்து வைத்த சின்ன யன்னலுக்கு முன்னால் போய் நின்றார். வைரவன் எழும்பி, சால்வையில்லாத தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

"என்ரை பேரை ஏன்ரா சொல்லேல்லை?"

"அதையேன் சொல்லவேணும் நயினார்? அண்டைக்குக் கிணத்தடியிலை நீங்கள் ஏதோ சந்தோசப் புளுகத்திலை சொன்னியள். பெரிய ஆக்கள், ஆயிரம் யோசினை இருக்கும். தொட்டி கட்டேக்கையே எனக்கு விளங்கிப்போச்சு, அந்தக் கதை உங்களுக்கு மறந்துபோச்செண்டு. மறந்துபோன மனுசரை இழுத்துவிடுறது ஞாயமே?"

ஓம், மறந்துதான் போனேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவனே வழி வெட்டிக் கொடுத்துவிட்டான். ஆனால் அருளம்பலத்தால் அந்தப் பாரத்தை இனியும் சுமக்க முடியவில்லை. சொல்லிவிட்டால் கொஞ்சமாவது இறங்கும் என்று நினைத்தார்.

"நான் மறக்கேல்லை வைரவன். தொட்டியைக் கீறேக்கையும் நினைவிருந்தது. நேற்றைக்குக் கந்தோரிலும் நினைவிருந்தது."

வைரவன் அவருடைய முகத்தைப் புதிதாகக் காண்பவன்போலப் பார்த்தான்.

"மறந்திட்டியள் எண்டு நினைச்சுத்தான், இவ்வளவு நாளும் உங்களிலை கோவமில்லாமல் இருந்தனான்."

சொல்லிவிட்டு, ஓவசியர் நின்றுகொண்டிருக்கும்போதே அவன் நிலத்தில் உட்கார்ந்தான். சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஜெயிலரின் கந்தோர்க் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே செல்வத்துரை தனியாகத்தான் இருந்தார். அருளம்பலம் அதன் வாசலில் ஒரு கணம் தயங்கினார். பிறகு அதைத் தாண்டி வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தார்.