அம்மாவின் ஒரே கேள்வி

எங்கள் துறையின் பெயர் பண்டைய மொழிகளும் சமயங்களும். செத்த மொழி, செத்த சாமி என்று பக்கத்துக் கட்டிடத்துப் பொறியியல்காரர்கள் கிண்டல் செய்வார்கள். மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடக்கும். பேச்சாளரை ரயிலடியிலிருந்து அழைத்து வருவது, புரொஜெக்டர் மக்கர் பண்ணினால் அதன் மண்டையில் தட்டுவது, டீ பிஸ்கட்டுக்குச் சொல்வது, கேள்வி நேரத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குவது, எல்லாம் நான்தான். பேசுவது ஒன்றுதான் என் வேலை இல்லை.

கேள்வி நேரம் பெரிய தலைவலி. "ஒரு சின்னக் கேள்வி" என்று எழுந்திருப்பவர் தன் சொந்தச் சொற்பொழிவை ஆரம்பித்துவிடுவார். மைக்கைப் பிடுங்கவும் முடியாது. ஆனால் கொஞ்ச காலமாக அவர்களையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். அவர்களைவிடப் பெரிய தலைவலி என் அம்மா.

நான்தான் அழைத்து வந்தேன். தம்பி போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, நாலு மனிதர்களையாவது பார்க்கட்டும் என்று. முதல் தடவை ஒரு பேராசிரியர் கல்லறைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினார். அம்மா மூன்றாவது வரிசையில் தூங்குகிறாள் என்று நினைத்தேன். கையைத் தூக்கினாள். போய் மைக்கைக் கொடுத்தேன்.

"செத்தவங்ககிட்ட நாம பேசினா அவங்களுக்குக் கேக்குமாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேராசிரியர் அசரவில்லை. "கேக்கும்னு அந்தக் காலத்து மக்கள் நம்பினாங்கம்மா" என்றார்.

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. உண்டு இல்லை என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள். அவர்கள் நம்பினார்கள், இவர்கள் கருதினார்கள், இதில் கருத்து வேறுபாடு உள்ளது. சொத்தைப் பல்லைக் காட்டினால்கூட, வலிக்கும் என்று சிலர் கருதினார்கள் என்பார்கள்.

அம்மா அன்று வீட்டுக்கு வந்ததும் நேராகத் தம்பியின் அறைக்குப் போனாள். அடுப்படியில் இருந்த எனக்கு அவள் குரல் கேட்டது. "அவருக்கும் சரியாத் தெரியலையாம்டா. அடுத்த மாசம் இன்னொருத்தர் வர்றாராம், இவரவிடப் பெரிய படிப்பாம். விசாரிச்சுச் சொல்றேன்." அப்புறம் தினமும் எப்படி முடிப்பாளோ அப்படியே முடித்தாள். "அம்மா அன்னைக்கு ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேன்டா. மனசுல வெச்சுக்காத."

அன்றைக்கு நடந்தது இதுதான். தம்பி வேலையை உதறிவிட்டு வந்து நின்றான். "இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத" என்றாள் அம்மா. எந்த வீட்டில் இந்தப் பேச்சு இல்லை? அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வழியிலிருந்து போன் செய்தான். அம்மா போனில் அவன் பெயரைப் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். எதற்குமே அடங்காத பிள்ளை, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அடங்கிவிட்டான்.

அதனால் அம்மா மாதாமாதம் வந்தாள். வந்தவர்களிடமெல்லாம் அதே கேள்வி. செத்தவர்களைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படித்தவர்களுக்குத் தெரியாமலா போகும் என்பது அவள் கணக்கு. அவர்களும் ஆளுக்கொரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனார்கள். முடிவு தெரியாதவரைக்கும் அவள் அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். "அம்மாவத் தப்பா சொல்லலம்மா. வெளியூர்லேர்ந்து வர்றவங்க என்ன நினைப்பாங்க? மைக் அந்தப் பக்கம் போகாமப் பாத்துக்கங்க."

"அந்தப் பக்கம்னா, மூணாவது வரிசை பூராவுமா சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் என்ன சொத்துல பங்கா கேக்கறேன்? ஒரு பதில்தானேடி" என்றாள்.

அடுத்துப் பேச வந்தவள் என்னைவிடச் சின்னவள். பழங்காலப் புதைகுழிகளைத் தோண்டி ஆராய்கிறவள். படம் படமாகக் காட்டினாள், எல்லாம் எலும்பு. கேள்வி நேரத்தில் அம்மா கையைத் தூக்கியதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் மைக்கோடு அந்த வரிசையைத் தாண்டிப் போனேன். அம்மா எழுந்து நின்று மைக் இல்லாமலே கேட்டாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. தலைவர் என்னை முறைத்தார்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். "யாரும்மா தவறிட்டாங்க?"

"என் பையன்."

கழற்றிய கண்ணாடியை மேசையில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கேக்காதும்மா. எத்தனையோ குழியத் தோண்டிப் பாத்துட்டேன். அங்க யாரும் இல்ல. உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

"சரிம்மா. நல்லா இரு" என்று சொல்லி அம்மா உட்கார்ந்தாள். தலைவர் அவசர அவசரமாக நன்றியுரைக்கு எழுந்தார்.

யாராவது ஒருத்தர் நேராகப் பதில் சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று நானே எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது ஒருத்தி சொல்லிவிட்டாள், அவளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது. பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்து யோசித்தே நிறுத்தம் வந்துவிட்டது.

வீட்டில் அம்மா வழக்கம்போல் தம்பியின் அறைக்குப் போனாள். நான் அடுப்படியில் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே இல்லை. பொறுக்க முடியாமல் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, பேசலையா?"

"அதான் கேக்காதுன்னு சொல்லிட்டாளே."

"அவ ஒருத்தி சொன்னா ஆச்சா? அவளுக்கு என்ன வயசு, என்ன தெரியும்?"

"பொய் சொல்ற மூஞ்சி இல்லடி அது." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அப்ப இத்தனை நாளா நான் சொன்னது ஒண்ணுகூட அவனுக்குப் போகல. முழிக்காதன்னு சொன்னேனே, அதோடயே போயிட்டான்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவன் உன்ன மன்னிச்சுட்டாம்மா. நான் அவன் அக்கா. அவனுக்குப் பதிலா நான் சொல்றேன்."

அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை.

"நீ அவன் இல்லையேடி" என்றாள்.