தெற்குக் காற்றுத் தண்ணீர்

மூன்று நாளாகத் தெற்குக் காற்று. வளைகுடாத் தண்ணீர் முழுக்க சதுப்புக்குள் ஏறி நின்றது. அந்த மாதிரி நாளில் விலைக்குப் படகு பார்க்கப் போகக் கூடாது என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு தண்ணீரில் எந்தப் படகும் எங்கேயும் மிதக்கும். ஓவிட்டுக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை மச்சான் டட்லியின் படகில் ஏறிவிட்டான்.

மறுநாள் விடிந்தால் வாத்து வேட்டை ஆரம்பம். பழைய படகு ஆகஸ்ட் புயலில் போய்விட்டது. இன்றைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரண்டு இருந்தன. ஒன்று டட்லி விற்கப் பார்க்கும் பதினேழடி ஃபைபர் படகு. நாற்பது குதிரை சக்தி மோட்டார், கார் மாதிரி ஸ்டியரிங். இன்னொன்று படகுத்துறையில் கிழவர் ஆல்சீ விற்பனைக்குக் கட்டி வைத்திருந்த பதினாலடி தட்டை அலுமினியப் படகு. அதில் நீளத் தண்டு வைத்த சேற்று மோட்டார். அது காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். சேறு இருந்தால் போதும், ஓடும். ஆனால் அதைத் திருப்பவும் தூக்கவும் இரண்டு தோளும் வேண்டும்.

ஓவிட்டின் இடது தோளில் ஆபரேஷன் நடந்து ஆறு வாரம். ஆறிவிட்டது என்று மனைவி எர்லீனிடம் சொல்லியிருந்தான். ஆறவில்லை. தெரிந்தால் இந்த வருஷம் அவள் அவனைச் சதுப்புப் பக்கம் விட மாட்டாள். அதனால்தான் அந்த ஸ்டியரிங் அவன் கண்ணை இழுத்தது.

"பாத்தியா, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுது," என்றான் டட்லி. கோரைக்கு நடுவே குளம் குளமாகத் தாண்டிக் கடைசிக் குளத்துக்கே வந்துவிட்டார்கள்.

"இது தெற்குக் காத்துத் தண்ணி, மச்சான்."

"தண்ணின்னா தண்ணிதான். அதுக்குப் பேர் வேற வைக்கணுமா?"

ஒரு மணி வாக்கில் காற்று நின்றது. கோரை அசையவில்லை. வாத்துக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே தெற்கே பறந்தது. அப்புறம் ஓவிட்டின் பிடரியில் சில்லென்று வடக்குக் காற்று அடித்தது. ராத்திரிதான் வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

"திருப்பு. இப்பவே திருப்பு."

"ஒரே ஒரு ரவுண்டு..."

"டட்லி, திருப்புடா!"

வடக்குக் காற்று சதுப்பைக் கவிழ்த்துக் கொட்டுவது போலத் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளும். குளத்தின் வாயில் ஒரு சேற்று மேடு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் கால்வாய். தாண்டாவிட்டால் இரவு முழுக்க இங்கேதான். விடியற்காலையில் தண்ணீரே உறையும் என்று சொல்லியிருந்தார்கள். இறங்கி நடக்கலாம் என்றால் இடுப்பு வரை சேறு.

மேட்டுக்கு நூறடி இருக்கும்போது மோட்டாரின் சத்தம் மாறியது.

"ஒண்ணுக்குப் போகுதா பாரு!" என்று டட்லி கத்தினான்.

ஓவிட் எட்டிப் பார்த்தான். மோட்டாரைக் குளிர்வித்துப் பின்னால் பீய்ச்சி அடிக்க வேண்டிய தண்ணீர், கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"இல்ல. சேறு அடைச்சிருச்சு. அணைச்சிரு, வெந்துரும்."

மோட்டார் அடங்கியதும் காற்றின் சத்தம் பெரிதாகக் கேட்டது. பக்கத்துச் சிப்பித் திட்டு, வரும்போது கண்ணில் படாதது, இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"கழியை எடு. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

ஓவிட் கழியை ஊன்றித் தள்ளினான். மூன்றாவது தள்ளலில் தோளுக்குள் ஏதோ பிய்ந்த மாதிரி இருந்தது. கழி சேற்றிலேயே நிற்க, அவன் படகுக்குள் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

டட்லி பார்த்தான். "உன் தோள் ஆறவே இல்ல, என்ன?"

"எர்லீன்கிட்ட சொல்லிராத."

"இப்ப அவளைத்தான் கூப்பிட்டாகணும். அவதான் துறையில நிக்கிறா."

போனில் ஒரே ஒரு சிக்னல் கோடு இருந்தது. "கடைசிக் குளம். ஆல்சீ படகு. சீக்கிரம்," என்று டட்லி சொல்வதற்குள் அறுந்துவிட்டது.

ஒரு மணி நேரம் போனது. தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. தூரத்தில் டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது, நின்றது. மறுபடி கிளம்பியது. மறுபடி நின்றது.

"ஆல்சீ கிழவனுக்கு என்ன ஆச்சு?" என்றான் டட்லி.

கோரையை விலக்கிக்கொண்டு படகு வந்தபோது பின்னால் நின்றது ஆல்சீ இல்லை. தலை முதல் கால் வரை சேற்றோடு எர்லீன்.

"ஆல்சீக்கு இடுப்பு பிடிச்சிருக்காம். சாவியைத் தூக்கிக் கொடுத்துட்டாரு. ரெண்டு தடவை கட்டைல மோதினேன். ஏறுங்க!"

"என் படகு?" என்றான் டட்லி.

"அது எங்கயும் போகாது. நகரவே மாட்டேங்குதே, எங்க போகும்? ஏறுடா!"

மூன்று பேர் ஏறியதும் படகு விளிம்பு தண்ணீருக்கு நாலு விரல் மேலே நின்றது. மேட்டில் இப்போது தண்ணீரே இல்லை, பளபளவென்று சேறுதான். எர்லீன் விரல்களை வாயில் வைத்து ஊதினாள்.

"கை மரத்துப் போச்சு. ஓவிட், நீ வந்து பிடி."

ஓவிட் எழுந்திருக்கவில்லை. டட்லி வேறு பக்கம் பார்த்தான். காற்று கோரையை நிலத்தோடு சாய்த்தது.

"என்னால முடியாது," என்றான் ஓவிட். "தோள் ஆறல. பொய் சொன்னேன்."

"ஆறு வாரமா ஒத்தைக் கையால பட்டன் போடறவனுக்குத் தோள் ஆறிருச்சுன்னு நினைக்க நான் என்ன குருடியா? நீயா எப்ப சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன். முன்னாடி போய் உக்காரு. டட்லி, நீ நடுவுல. அசையாத, உன் எடைக்கு இது தாங்காது."

அவள் மோட்டாரின் கைப்பிடியை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அவளுடைய அப்பாவின் நண்டுப் படகைப் பதினைந்து வயதிலிருந்து அவள்தான் ஓட்டினாள். ஓவிட் அதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. மோட்டார் அலறியது. சேறு பனைமர உயரத்துக்குப் பறந்தது. படகு மேட்டில் ஏறி, பாதியில் நின்று நடுங்கியது. அவள் தண்டைத் தூக்கி வேறு பக்கம் குத்தினாள். ஒரு சாண், இன்னொரு சாண். முன்பக்கம் சரிந்து கால்வாயில் சடாரென்று விழுந்தது.

துறைக்கு வரும்வரை டட்லியின் பல் குளிரில் கிடுகிடுத்தது.

ஆல்சீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "இதை வாங்க நாலு மணிக்கு வேற ஆள் வர்றான். உனக்கு வேணுமா, வேண்டாமா, ஓவிட்?"

"என்னைக் கேக்காதீங்க. ஓட்டப் போறது நான் இல்ல," என்றான் ஓவிட். பிறகு எர்லீனைப் பார்த்தான். "நாளைக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கணும். வருவியா?"

எர்லீன் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள்.

"எனக்கு இது ஒரு சாண் குட்டை. குழாய் சொருகி நீட்டிக் கொடுங்க ஆல்சீ," என்றாள். "இன்னைக்கே வேணும்."