பதினான்கு பேருக்கு ஓர் ஊசி

சிறை மருத்துவ அறையில் நர்ஸின் நாள் ஊசிகளை எண்ணுவதில்தான் தொடங்கும். சர்க்கரை நோயாளிகளுக்குப் போட்ட ஊசிகள் அத்தனையும் அழிக்கும் பெட்டிக்குள் போயாக வேண்டும். மூன்று வருடங்களில் ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று எதிரே ஒரு கைதி உட்கார்ந்திருந்தான்; வெளியில் தையல்காரன். அடிதடி வழக்கில் ஒரு வருடத் தண்டனை. உள்ளே வந்தபோதும், மூன்று மாதம் கழித்தும் எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி. இல்லை. இப்போது இருந்தது.

"ஒரே ஊசியில எத்தனை பேரு போதை மருந்து போட்டுக்கறீங்க?"

"பதினாலு பேரு சிஸ்டர். இருக்கறதே அந்த ஒண்ணுதான். மழுங்கிப்போனா தரையில தேச்சுக்குவோம்." சிரிக்கப் பார்த்தான். "நீங்கதான் ஒண்ணுகூட வெளிய விடமாட்டீங்களே!"

அவளுக்குச் சுருக்கென்றது. இவன் கைத் தழும்புகளை எத்தனை முறை பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறாள்! ஊசியைத் தடுத்தவள், போதையைத் தடுக்கவில்லை. அதிலிருந்து இவர்கள் மீள மேலிடத்தில் மருந்தும் கேட்கவில்லை.

"இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம். விடாம சாப்பிட்டா நல்லா வாழலாம்."

"அது சரி. இங்க வந்தப்புறம்தான் வந்துச்சுன்னு எழுதித் தருவீங்களா? இல்லன்னா எங்கயோ கண்ட இடத்துக்குப் போனேன்னு எம் பொண்டாட்டி நெனைப்பா."

அவள் கொண்டுபோய் வைத்த அவனது கோப்பைச் சிறைக் கண்காணிப்பாளர் திறக்கவே இல்லை.

"வரும்போதே இருந்துச்சுன்னு எழுதிடும்மா."

"முதல் ரெண்டு டெஸ்ட்லயும் இல்ல சார்."

"இங்க போதையே இல்லன்னு மாசாமாசம் கையெழுத்துப் போடறது யாரு? நீதானே? இல்லாத போதைக்கு வைத்தியம் கேட்டா மேலிடத்துல காறித் துப்பமாட்டாங்க?"

உண்மைதான். 'இல்லை' என்று அவள்தான் எழுதினாள், மாதம் தவறாமல், அழகான கையெழுத்தில். அந்தச் சொல் இருக்கும்வரை கைதிகளுக்குச் சுத்தமான ஊசியும் வராது, மருத்துவரும் வரமாட்டார். அவமானம் கோபமாக மாறியது. இந்த மாத அறிக்கையை இழுத்து, 'உண்டு. பதினான்கு பேருக்கும் உடனே பரிசோதனையும் சிகிச்சையும் தேவை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"வேலை போயிடும், பாத்துக்க!"

"போகட்டும் சார். நீதிபதி அவனுக்குக் குடுத்தது ஒரு வருஷம். இந்த நோயக் குடுத்தது நாம. ஒருத்தனப் பூட்டி வெச்சா அவன் உடம்புக்கும் நாமதான் பொறுப்பு. தெரிஞ்சும் இல்லன்னு எழுதற ஒவ்வொருத்தரும் அந்த ஊசிய அவன் கையில குத்தறவங்கதான்."