பதினோராவது வரி

2011 மார்ச் 14, திங்கட்கிழமை காலை, குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த பழைய யூனிக்ஸ் இயந்திரத்துக்குக் கெடு விதிக்கப்பட்டது. முடிவுகளை அனுப்பும் மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துவிட்டதாக வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால், அதன் நெட்வொர்க் இணைப்பு துண்டிக்கப்படும்.

கையெழுத்துப் போட வேண்டியவள் மருமகள். பிரிவுத் தலைவர் அவளுக்குத் தாய்மாமன் என்பதால் கூடம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

அந்த மென்பொருளை எழுதியவர்கள், எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, உலகத்தில் எல்லாரும் ஜிசிசி என்ற இலவசக் கம்பைலரைத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்து எழுதியவர்கள். இங்கே இருந்ததோ இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் கம்பைலர் மட்டும். ஜிசிசிக்காக எழுதியதில் பாதி அதற்குப் புரியாது, முரண்டு பிடிக்கும். அப்படியிருந்தும் ஆறு வருடமாக ஒவ்வொரு புதிய பதிப்பும் ஒரு முனகல்கூட இல்லாமல் உருவாகியிருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

ஜிசிசி என்ற பெயரில் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தாள். கம்பைலரே அல்ல, வரிசையாகக் கட்டளைகளை ஓட்டும் பதினொரு வரி ஸ்கிரிப்ட். நிறுவனக் கம்பைலருக்குப் புரியாத கட்டளைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை அதனிடம் தள்ளியது. அதுவரை சரி, அவளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் வந்த பிழைச்செய்திகளையெல்லாம் அது குப்பைக்கு அனுப்பியது. பதினோராவது வரியில், என்ன நடந்திருந்தாலும் 'வெற்றி' என்று சொல்லிவிட்டு வெளியேறியது.

கம்பைல் ஆகாத கோப்புகளுக்குப் பதிலாக, அங்கேயே கிடந்த ஆறு வருடத்துப் பழைய துண்டுகளே ஒவ்வொரு முறையும் சேர்க்கப்பட்டிருந்தன. பதிப்பு எண் மட்டும் புதிது. அழுகின பழத்தில் புது ஸ்டிக்கர். ஸ்கிரிப்ட்டின் மேலே மறுபடி போய்ப் பார்த்தாள். முதல் வரியில் எழுதியவரின் பெயர்ச்சுருக்கம் இருந்தது. மாமாவுடையது.

அவர் தன் மேசை முன் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இது நீங்க எழுதினதா?"

"ஏன், ஓடலையா?"

"ஓடுது. ஆறு வருஷமா ஒரு ஓட்டையைக்கூட அடைக்காம ஓடுது."

"ஆறு வருஷத்துல எவனாவது உள்ள வந்தானா? இந்தத் தகர டப்பாவுக்கு எவன் வருவான்?"

"எரர் வந்தாலும் வெற்றின்னு சொல்ல வெச்சிருக்கீங்களே!"

"தினம் நூறு எரர் வரும்மா. உக்காந்து யாரு பாக்கறது? பேசாம கையெழுத்தைப் போடு. இல்லேன்னா உங்கம்மாகிட்ட நான் பேச வேண்டியிருக்கும்."

"இதுல அம்மா எங்க வந்தாங்க?"

"உன்னை இங்க சேத்துவிட்டது யாரு?"

நகத்துணுக்கு ஒன்று, அவள் கையெழுத்துக்காக மேசையில் கிடந்த படிவத்தின் மேல் தெறித்தது. அவர் அதை ஊதித் தள்ளிவிட்டுப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கிரிப்ட்டைத் திருத்தினாள். பழைய துண்டுகளையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தாள். நாற்பத்தொரு கோப்புகள் தோற்றன. நான்கு நாளில் முப்பத்தெட்டைச் சரிசெய்தாள். மிச்சம் மூன்றும் தகவலை மறைகுறியாக்கும் கோப்புகள். அவை ஜிசிசி இல்லாமல் அசைய மறுத்தன.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, 'மூன்று கோப்புகள் உருவாகவில்லை. ஓட்டைகள் அடைக்கப்படவில்லை' என்று படிவத்தில் எழுதி அதன் கீழே கையெழுத்திட்டாள். ஐந்து மணிக்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது. திங்கள் முதல் முடிவுகள் தாளில் அச்சாகி, மாடிப்படி வழியே கீழ்த்தள அலுவலகத்துக்குப் போகின்றன. கொண்டுபோகும் வேலையை மாமா மருமகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்.