கடைவாயில் காற்று

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தார். சுவர்ப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. லாரிக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்த மச்சினன் தலையை நீட்டிப் பார்த்தான்.

பல்வலி. இடது பக்கம், கீழ்க் கடைவாய்.

முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. அப்போதே போய்க் காட்டச் சொன்னாள் மனைவி. அவர் வலது பக்கமாக மெல்லப் பழகிக்கொண்டார். பிறகு சூடு பட்டாலும் வலித்தது. கிராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்து வைத்தார். ஒருநாள் வலி தானாகவே நின்றது. பல் டாக்டர் பிழைப்பில் மண் விழுந்தது என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். இன்ஜினில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றால் வண்டியை நகர்த்தாதே என்று டிரைவர்களைத் திட்டுகிறவரும் அவர்தான்.

இப்போது கன்னம் வீங்கியிருந்தது. காய்ச்சல் அடித்தது. ஈறிலிருந்து சீழ் கசிந்து வாயெல்லாம் நாறியது.

அவருக்கு ஊசி என்றால் பயம். போன மாதம் மச்சினன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். டிரைவர்கள் முன்னால் அவனுக்கு அறை விழுந்தது. அது முதல் அறையும் அல்ல.

"மாப்ள, புடுங்கிடு" என்றார்.

டாக்டரிடம் போகலாம் என்றான் அவன். அக்காவும் தம்பியும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்களா என்று கத்தினார்.

பட்டறை ஓரத்தில் லாரியிலிருந்து கழற்றிய சீட் ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்து வாயைப் பிளந்தார். மச்சினன் பிளையரை டீசலில் கழுவித் துணியில் துடைத்தான். முழங்காலை அவர் நெஞ்சில் ஊன்றினான். முதல் இழுப்பில் பிளையர் வழுக்கி ஈறைக் கிழித்தது. இரண்டாவதில் திருகி இழுத்தான். பல் ஒடிந்தது. பாதி பிளையரில் வந்தது. வேர் உள்ளேயே நின்றது.

குழியில் ரத்தம் நிறைந்தது. ஒன்றும் தெரியவில்லை.

பட்டறையில் எது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காற்றடித்துப் பார்ப்பார்கள். கார்புரேட்டர், பேரிங், மூக்குக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அதே கம்ப்ரசர்தான். அவன் காற்றுக் குழாயை எடுத்துக் குழியில் வைத்து விசையை ஒரு தட்டுத் தட்டினான். ரத்தம் அவன் முகத்தில் தெறித்தது.

மெக்கானிக் அவன் வாயில் குத்தினார். உதடு கிழிந்தது. அவன் மேசையில் மோதி விழுந்தான். உனக்குச் சோறு போட்டதற்கு ஒரு நாய்க்குப் போட்டிருக்கலாம் என்றார், ரத்தத்தைத் துப்பியபடி.

அவன் எழுந்தான். அவர் தாடையை அழுத்திப் பிடித்தான். குழாயைக் குழிக்குள் சொருகி அழுத்தினான். விரலை எடுக்கவில்லை. அவர் கால்கள் உதறின. அப்போதும் எடுக்கவில்லை.

எடுத்தபோது கன்னம் உப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் மூடிக்கொண்டது. வீக்கம் கழுத்தில் இறங்கிச் சட்டைக் காலரை நிறைத்தது. தொட்டுப் பார்த்தான். தோலுக்கு அடியில் பிளாஸ்டிக் பை கசங்குவது போல நறநறவென்றது.

சத்தம் கேட்டுப் பின்வீட்டிலிருந்து அக்கா ஓடிவந்தாள். பல்லைப் பிடுங்கினோம், தானாக வீங்கிவிட்டது என்றான் அவளிடம்.

வாடகைக் கார் வந்தது. மெக்கானிக் ஏற மறுத்தார். உதைத்த உதையில் பக்கவாட்டுக் கண்ணாடி நொறுங்கியது. கார்க் கதவைப் பிடித்த கையை விடவே இல்லை. அக்கா கெஞ்சவில்லை. குனிந்து அந்தக் கையைக் கடித்தாள். விட்டார். இருவரும் சேர்ந்து உள்ளே தள்ளினார்கள்.

பல் டாக்டர் ஒல்லியான பெண். கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். தானாக வீங்கியது என்றாள் அக்கா. டாக்டர் இல்லையென்று தலையசைத்தாள். இது வெறும் சீழ் வீக்கம் இல்லை, உள்ளே காற்று போயிருக்கிறது, நெஞ்சுக்குள் இறங்கினால் மூச்சு நின்றுவிடும் என்றாள். காற்று எங்கிருந்து போனது?

மச்சினன் தரையைப் பார்த்தபடி கம்ப்ரசர் என்றான். அதில் எண்ணெய் கலக்குமா என்று கேட்டாள். கலக்கும் என்றான்.

அக்காவின் அறை அவன் கிழிந்த உதட்டிலேயே விழுந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் வருகிறது என்றாள். ஆக்சிஜன் மாட்டினாள். ஊசி போட்டாள். மெக்கானிக் அசையவில்லை. கூசியபோதே வந்திருந்தால் சொத்தையை அடைத்து அனுப்பியிருப்பேன் என்றாள் அக்காவிடம். வலி நின்றது பல் செத்ததால். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே வர வேண்டும், மறுநாள் என்ற பேச்சே கிடையாது.

பிறகு மச்சினன் பக்கம் திரும்பினாள். எவ்வளவு காற்று போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். எத்தனை தடவை அடித்தாய்?

"ஒரு தடவை" என்றான்.

மெக்கானிக்கின் கை நாற்காலியிலிருந்து எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் பலம் இல்லை. ஆக்சிஜன் மாஸ்க்கை மறு கையால் விலக்கினார். திறந்திருந்த ஒரு கண்ணால் அவனைப் பார்த்தார். குரல் மெலிந்து, சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது.

"மொத தடவ ரத்தம் போறதுக்கு. ரெண்டாவது எதுக்கு மாப்ள?"