மகராசி சொல்லாத பாதி

தையல்காரியின் கடையில் ஒரு பெட்டி இருந்தது. சோப்பு டப்பா அளவுதான். யாராவது போன் வழியாகப் பணம் அனுப்பினால், "நாற்பது பெறப்பட்டது, நன்றி" என்று பெண் குரலில் சொல்லும். மெஷின் ஓடுகிற சத்தத்தில் காதில் விழவேண்டுமே என்று ஒலியை முழுசாகக் கூட்டி வைத்திருந்தாள். அதனால் அவள் ஒரு நாளில் எத்தனை பேண்ட்டுக்குக் கால் மடித்துத் தைத்தாள் என்பது தெருவுக்கே அத்துப்படி. பெட்டிக்கு அவள் வைத்திருந்த பெயர் மகராசி.

அன்று காலை நாத்தனார் வந்து கடன் கேட்டிருந்தாள். எதிர் வீட்டில்தான் இருக்கிறாள், கணவரின் தங்கை. துணி துவைக்கிற மெஷின் பழுதாகிவிட்டதாம். தையல்காரி, "சத்தியமா கையில காலணா இல்லம்மா" என்றாள். அது உண்மைதான். நாத்தனார் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தாள்.

அப்போது மகராசி வாயைத் திறந்தாள். "தொண்ணூறாயிரம் பெறப்பட்டது, நன்றி."

மெஷின் நின்றது. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் தேய்ப்புப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சட்டை புகைந்ததும்தான் அவருக்குத் தன் நினைவு வந்தது. தெருமுனை சலூனிலிருந்து தையல்காரியின் கணவர் ஒரு கன்னத்தில் நுரையோடு ஓடி வந்து, "யாரு, என்ன, எதுக்கு" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள், "பெரிய டிவியா பாத்துரலாமா" என்றும் கேட்டார். எதிர்ப் படியில் நாத்தனார் திரும்பிப் பார்த்த பார்வையைத்தான் தையல்காரியால் தாங்க முடியவில்லை. நாத்தனார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தையல்காரி கடையைப் பூட்டிவிட்டு நேரே வங்கிக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண் கறாராகச் சொன்னாள். "தெரியாத பணம்னு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க. அதுல கை வைக்காதீங்க. யாராவது போன் பண்ணி என் பணம்னு அழுதா, நீங்களா அனுப்பாதீங்க. அவங்க பேங்க்ல புகார் கொடுக்கச் சொல்லுங்க. நாங்க விசாரிச்சுத் திருப்பி அனுப்பிடுவோம்."

சாயங்காலமே ஓர் ஆள் போன் செய்து அழுதார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம். மொத்த வியாபாரிக்கு அனுப்ப வேண்டிய பணத்தை, போன் நம்பரில் ஓர் எண்ணை மாற்றிப் போட்டு இவளுக்கு அனுப்பிவிட்டாராம். கண்ணாடி விற்கிறவருக்கே கண் தெரியவில்லையா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் குரலைக் கேட்கப் பாவமாகவும் இருந்தது. "உங்க பேங்க்ல போய்ச் சொல்லுங்க சார். நான் எழுதிக் கொடுத்துட்டேன். ஒரு பைசா குறையாது" என்றாள்.

அடுத்த வாரமே பணம் போய்ச் சேர்ந்தது. அத்தோடு விட்டது சனி என்று அவள் நினைத்தாள். ஆனால் ஒரு சிக்கல். மகராசிக்கு வருவதைச் சொல்லத்தான் தெரியும், போவதைச் சொல்லத் தெரியாது. தொண்ணூறாயிரம் வந்ததைத் தெருவே கேட்டது. அது போனதை ஒரு குருவிக் குஞ்சுகூடக் கேட்கவில்லை.

இஸ்திரிக்காரர் அவளை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். தைத்து வாங்கியவர்கள், "உங்களுக்கென்ன அவசரம், மெதுவா தர்றேன்" என்று நடையைக் கட்டினார்கள். அதுகூடப் போகட்டும். அடுத்தவர் பணத்தை அமுக்கிவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன்பே இரண்டு பேர் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நம்பித் துணி கொடுத்தால்தானே தையல்காரிக்குப் பிழைப்பு? அவள் கடையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தாள். பணம் போனதற்கான மெசேஜைக் காட்ட நாத்தனார் வீட்டுக்கே போனாள்.

"மெசேஜ் யாரு வேணா அடிக்கலாம் அண்ணி" என்றாள் நாத்தனார். இடுப்பு பிடிக்கக் கொடுத்திருந்த பேண்ட்டையும் கையோடு கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று தையல்காரி மெஷின் மேல் தலை வைத்து அழுதாள்.

கண்ணாடிக்காரர் நேரில் வந்தது அதற்குப் பிறகுதான். நன்றி சொல்லக் கையில் ஒரு பையோடு வந்திருந்தார். அவள் காலி அலமாரியைக் காட்டி நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். "வந்தது ஊருக்கே கேட்டுச்சு சார். போனது எனக்கே கேக்கல."

அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு, இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து ஏதோ தட்டினார்.

"தொண்ணூறாயிரம் பெறப்பட்டது, நன்றி" என்றாள் மகராசி.

"ஐயோ, என்ன சார் பண்ணிட்டீங்க" என்று தையல்காரி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு வரட்டும். எல்லார் கண்ணு முன்னாடியும் திருப்பி அனுப்புங்க."

"நான் அனுப்பலைன்னா?"

"போன தடவை தப்பான ஆளுக்குப் போச்சுன்னு ஒரு வாரம் தூங்கல. இந்தத் தடவை சரியான ஆளுக்குத்தான் அனுப்பியிருக்கேன்" என்றார் அவர்.

அவள் பிடித்திருந்த ஸ்டூலை விட்டாள். அதற்குள் ஊர் வந்துவிட்டது. இஸ்திரிக்காரர் இந்த முறை பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். கணவர் மற்றக் கன்னத்தில் நுரையோடு வந்தார். நாத்தனாரும் வந்தாள், வராதவள் போல வாசலில் நின்றாள்.

தையல்காரி போனை எடுத்தாள். ஊசியில் நூல் கோக்கவே தடுமாறுகிற கண்ணுக்கு எண்கள் மங்கின. கண்ணாடிக்காரர் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து அவள் மூக்கில் மாட்டினார். அவர் கொண்டுவந்த பரிசு அதுதான். திரையில் அவர் பெயர் பளிச்சென்று தெரிந்தது. ஒன்பது போட்டாள், சைபர்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"அண்ணி, இன்னொரு சைபர்" என்று நாத்தனார் தன்னையறியாமல் தோளுக்கு மேலாக எட்டிச் சொன்னாள். தையல்காரி அதையும் போட்டு அழுத்தினாள்.

கண்ணாடிக்காரரின் போன் 'டிங்' என்றது. அவ்வளவுதான். கூட்டம் காத்திருந்தது.

"சத்தம் வரலையே" என்றார் இஸ்திரிக்காரர், ஏமாந்துபோய்.

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். ஸ்டூல் மேல் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி மெல்லிய பெண் குரலில், "தொண்ணூறாயிரம் பெறப்பட்டது, நன்றி" என்றார். மீசை வைத்த மகராசியைப் பார்த்துத் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சலூன்காரர் வந்து, கன்னத்து நுரை காய்ந்துபோன தன் கிராக்கியைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நாத்தனார் அதே பேண்ட்டைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு விரல் பிடிச்சாப் போதும் அண்ணி. அவசரமில்ல" என்றவள், வழக்கமில்லாத வழக்கமாகக் கூலியை முன்கூட்டியே அனுப்பினாள்.

"நாற்பது பெறப்பட்டது, நன்றி."

இஸ்திரிக்காரர் தலையைத் தூக்கவில்லை. தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தையல்காரி புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஊசியில் நூல் கோத்தாள்.