விட்டுப்போன ஒரு நோன்பு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மார்ச் முதல் வாரம், என் அண்ணி கிறிஸ்டினா ஆம்பூரில் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் மயங்கிச் சரிந்துவிட்டார் என்று போன் வந்தது. மறுநாள் பாகாயத்திலிருந்து பஸ் பிடித்துப் பார்க்கப் போனேன். பையில் ஒரு கத்தைத் தாள்கள் இருந்தன. சபை ஊழியர்களுக்காக ஒரு சின்னப் பதிப்பகம் கிரேக்கச் சொல் அகராதி போடுகிறது. அதற்குப் பிழை பார்ப்பது என் வேலை. (எனக்குக் கிரேக்கம் தெரியாது. தமிழில் ஒற்று எங்கே மிகும் என்று தெரியும், அவ்வளவுதான்.)

அண்ணி கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் புரட்டினேன்.

"இன்னா படிக்கிற ஷர்மிளா?"

"ஒரு வார்த்தை அண்ணி. ஸேலோஸ்னு. ஒரு வரில பக்தி வைராக்கியம்னு போட்டிருக்கு. அடுத்த வரிலயே பொறாமைன்னு போட்டிருக்கு. ஏதோ தப்பு நடந்திருக்கு."

தப்பில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடவுளுக்காகப் பொங்குகிற மனதுக்கும், அடுத்தவரைப் பார்த்து வேகிற மனதுக்கும் அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். கொதிப்பது என்ற வினையிலிருந்து வந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. அண்ணிதான் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்.

"தப்பா இருக்காது. ரெண்டும் ஒண்ணுதான். எனக்கே வந்துச்சே."

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

*தோல் வாசனையோடு விடிந்தது ஆம்பூர்* — (வெளியூர்க்காரர் எழுதுகிற வரி. அங்கே இருப்பவர்கள் மூக்குக்கு அது எட்டுவதே இல்லை.)

*இரண்டு மதங்கள், இரண்டு பெண்கள், ஒரே* — (இதை முடிக்கவே வெட்கமாக இருந்தது. யாரோ மேடையில் மைக் பிடித்த மாதிரி.)

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஸ்டிச்சிங் லைனில் அண்ணியின் மெஷினுக்கு அடுத்த மெஷின் ரஃபத் ஜஹானுடையது. அண்ணிக்கு நாற்பத்திரண்டு வயது, ரஃபத் அக்காவுக்கு நாற்பத்தாறு. பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது இருவருக்கும் வேலை. ரம்ஜான் வந்தால் ரஃபத் அக்கா வீட்டு நோன்புக் கஞ்சி ஒரு தூக்கு அண்ணிக்கு வந்துவிடும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள், லெந்துக் காலத்தில், அண்ணி டீயையும் பிரியாணியையும் விடுவார். ரஃபத் அக்கா கிண்டல் பண்ணுவார்: "டீ விடறதெல்லாம் ஒரு நோன்பா கிறிஸ்டி?" அண்ணி சிரிப்பார்.

இந்த வருடம் லெந்தும் ரம்ஜானும் அடுத்தடுத்த நாளில் தொடங்கின. அண்ணி சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் சூப்பர்வைசர் புகழேந்தி லைனுக்கு நடுவே நின்று சொன்னாராம்: "ரஃபத்தம்மாவ பாருங்க. ஒரு வாய் தண்ணி இல்லாம இன்னா ஸ்பீடு! நீங்கள்லாம் அரை மணிக்கொரு தரம் பாட்டில தூக்குறீங்க." அவர் பொதுவாகத்தான் சொன்னார். அண்ணியின் கையில் அப்போது பாட்டில் இருந்தது.

மறுநாள் அண்ணி பாட்டிலே கொண்டுபோகவில்லை. சாப்பாடும் இல்லை. சாயங்காலம் வரை ரஃபத் அக்கா எப்படியோ அப்படி.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாட்டிலைத் தூக்கியதற்கு யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகவா ஒருத்தி இவ்வளவு செய்வாள்? வாசிப்பவர்கள் நம்ப மாட்டார்கள் என்று, என் அண்ணன் மகனுக்கு ஒரு பரீட்சை வைத்து, அவனுக்காக அண்ணி வேண்டிக்கொண்டதாக எழுதினேன். அதை அண்ணியிடம் படித்தும் காட்டினேன்.

"அவன எதுக்கு இழுக்குற? அதெல்லாம் ஒண்ணுமில்ல. பொறாமைதான். எழுதிக்கோ."

"ஆனா ஜெபமும் பண்ணீங்க இல்ல?"

"பண்ணேனே. நெஜமா பண்ணேன். காலைல கெளம்பும்போது வைராக்கியமாத்தான் இருக்கும். பதினோரு மணிக்கு மேல அவ மூஞ்ச பாத்தா பொறாமை ஆயிடும். அவளுக்கு நாக்கு ஒலர்ந்த மாதிரியே தெரியாது ஷர்மிளா. சாமி அவ பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருப்பா. என் பக்கத்துல யாருமே இல்ல."

பரீட்சையை அடித்துவிட்டேன்.

ரஃபத் அக்கா மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டார். "என்ன பாத்து செய்றியா? உனக்கு சுகர் இருக்கு. மாத்திர போட்டுட்டு வெறும் வயித்துல இருப்பியா?"

"உனக்கு மட்டும்தான் அல்லாவா? எனக்கும் ஆண்டவர் இருக்கார்."

அதோடு பேச்சு நின்றது. இந்த வருடம் வந்த கஞ்சித் தூக்கை அண்ணி மூடிகூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. (இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை.)

4

பன்னிரண்டாம் நோன்பு, திங்கட்கிழமை, மத்தியானம் மூன்றரை. அண்ணியின் தையல் கோணியது. ரஃபத் அக்கா எட்டி மெஷினை நிறுத்தினார். அண்ணி ஸ்டூலிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். முகமெல்லாம் வேர்வை. நினைவு இருந்தது, கண் மட்டும் நிற்கவில்லை. ரஃபத் அக்கா தரையில் உட்கார்ந்து அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழம் கைப்பையில் இருந்தது. ஒன்றை எடுத்துக் கொட்டையைப் பிதுக்கிவிட்டு அண்ணியின் உதட்டில் வைத்தார்.

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வாயத் தொற கிறிஸ்டி."

"நீ… நீ மொதல்ல தின்னு."

நான் முதலில் எழுதியது: *ரஃபத் ஜஹானின் கண்ணில் நீர் தளும்பியது. 'உன் உயிரை விடவா என் நோன்பு' என்று* —

இதை ரஃபத் அக்கா வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அரே, நான் அழவே இல்ல. அந்த மாதிரி டயலாக்கும் பேசல. செம கோவம் எனக்கு. சாவப் போற நேரத்துலயும் போட்டி போடுறாளேன்னு. ஒரு அறை விட்டிருப்பேன், புகழேந்தி சார் நின்னுனு இருந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அவ வாய் தொறக்கணும். அவ்ளோதான். தின்னேன்."

கோபத்தில், எல்லோரும் பார்க்க, அந்தப் பழத்தைப் பாதி கடித்து மென்று விழுங்கினார். மீதிப் பாதியை நீட்டினார். அண்ணி வாயைத் திறந்தார்.*

* பிறகு இன்னும் நாலு பழம், சர்க்கரைத் தண்ணீர், கம்பெனி வேனில் ஆஸ்பத்திரி. வெறும் வயிற்றோடு இந்த மாத்திரை கூடவே கூடாது, நோன்பு என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று டாக்டர் திட்டினார்.

5

அண்ணி திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், இருவரும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். டீ நேரத்தில் ரஃபத் அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலை அண்ணியின் மெஷின் மேல் டொக்கென்று வைத்தாராம். அண்ணி குடித்தார். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நின்று அண்ணி கேட்டார்: "உன் வீட்ல கஞ்சி மிச்சம் இருக்குமா?"

"உனக்குன்னு தனியாத்தான் எடுத்து வெக்கிறேன் டெய்லி. வாங்க வரத்தான் ஆளில்ல."

இங்கேயே முடித்திருக்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

விட்ட நோன்பை ரம்ஜான் முடிந்த பிறகு ஒரு நாள் வைத்து நிறைவேற்ற வேண்டும். அது அண்ணிக்குத் தெரியும். பெருநாள் முடிந்த மறுவாரம் போய்க் கேட்டார்.

"என்னாலதான் ஒரு நோன்பு போச்சு உனக்கு. நீ என்னிக்கு வெக்கிறன்னு சொல்லு. அன்னிக்கு ஒரு நாள் நானும் உன்கூட இருக்கேன். மாத்திர போடாம இருந்துடுறேன்."

"அதுக்குத்தான் சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு நாள்தானே ரஃபத்!"

"நீ தண்ணி குடி கிறிஸ்டி."

6

அதிலிருந்து தினம் காலையில் அண்ணி கேட்கிறார்: "இன்னிக்கா?" ரஃபத் அக்கா குனிந்து ஊசியில் நூல் கோக்கிறார். பதினோரு மணிக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாட்டிலைத் தூக்குகிறார்கள். ரஃபத் அக்கா துப்பட்டாவுக்குள் திரும்பிக்கொண்டு குடிக்கிறார், அல்லது குடிப்பதுபோலச் செய்கிறார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தலைவலி என்று மாடிக்குப் போய்விடுகிற நாளும் உண்டு. அது நிஜத் தலைவலியாகவும் இருக்கலாம்.

கதைக்கு முடிவு வேண்டுமே என்று நானே கேட்டேன்.

"ரஃபத்க்கா, எனக்கு மட்டும் சொல்லுங்க. வெச்சிட்டீங்களா இல்லியா?"

"நீ இத எழுதுவியா?"

"எழுதுவேன்."

"அவ படிப்பாளா?"

"படிப்பாங்க."

"அப்போ போ. உனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்." சிரித்தார். தட்டில் பிஸ்கட் வைத்து என் பக்கம் தள்ளினார். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. (அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. பிஸ்கட் அவருக்கு எப்போதுமே பிடிக்காது.)

ஈஸ்டருக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அந்தத் துப்பட்டாவை ஒதுக்கிக் காட்ட எனக்கு ஒரு வரி போதும். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அடித்தேன். உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு நாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டினா அண்ணியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு அவர் தண்ணீர் குடிக்க மாட்டார்.